ரெண்டு தட்டு

விடியற்காலை மூன்றரை மணி. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிப் போகும் சாலை. ஒரு பக்கம் கரை. இன்னொரு பக்கம் மனை பிரித்துப் போட்டு விற்காமல் கிடக்கும் நிலம். எண் எழுதிய கற்கள் மட்டும் வரிசையாக நிற்கும். மூன்று கம்பத்துக்கு ஒன்றில்தான் விளக்கு எரியும்.

அந்த நேரத்தில் அங்கே ஒரே ஒரு வண்டிதான் வரும். மனோகரனின் தண்ணி லாரி.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் தோழி ராதிகாவின் பெரியப்பா, இந்த மனோகரனுக்கு நடந்தது. இதைச் சொன்னபோது ராதிகா ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் நம்ப வேண்டியிருந்தது.

நசரத்பேட்டைக்குப் பின்னால், ஆழ்துளைக் கிணறு போட்டுத் தண்ணீர் விற்கும் ஒரு போர் யார்டு. அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டு போய், அடுக்குமாடி வீடுகளின் சம்ப்பில், அதாவது நிலத்தடித் தொட்டியில், இறக்குவது மனோகரனின் வேலை. பதினான்கு வருடமாக அதே லாரி. முதல் பன்னிரண்டு வருடம் இடது பக்க சீட்டில் அவர் மனைவி ராஜகுமாரி. கிளீனர் பையன்கள் யாரும் ஒரு மாதத்துக்கு மேல் நிற்கவில்லை. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்குப் பதில், லாரியில் வருகிறேன் என்று அவளே ஏறிவிட்டாள்.

யார்டில் கிண்டல் செய்வார்கள்.

"இன்னா மனோ, ஊட்டுக்காரிக்கு சம்பளம் எவ்ளோ தர்ற?"

"நான்தான்யா அதாண்ட சம்பளம் வாங்கறேன்" என்பார்.

ராஜகுமாரிக்குச் சின்னக் குரல். லாரி பின்னால் வரும்போது மற்ற கிளீனர்களைப் போல "வா... வா... வா..." என்று கத்த வராது. கத்தினாலும் என்ஜின் சத்தத்தில் அமுங்கிப் போகும். அதனால் கையில் வால்வு திறக்கும் இரும்புச் சாவியை வைத்துக்கொண்டு டேங்கைத் தட்டுவாள். இடது பக்கம், பின் சக்கரத்துக்கு மேலே.

கணக்கு சுலபம். வண்டி முன்னால் போகும்போது ரெண்டு தட்டு என்றால், போ. பின்னால் வரும்போது ரெண்டு தட்டு என்றால், வா. ஒரே ஒரு தட்டு என்றால், எப்போதும், நில்.

பன்னிரண்டு வருடத் தட்டலில் அந்த இடத்துத் தகடு முழுக்கக் குழி குழியாக, அம்மை போட்ட முகம் மாதிரி ஆகிவிட்டது. மனோகரன் கண்ணாடியைக்கூடச் சரியாகப் பார்க்க மாட்டார். காது போதும்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நுரையீரலுக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடி மாட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். பேச முடியாது. நான்காவது நாள் விடியற்காலை... அதே மூன்றரை, நாலு மணி இருக்கும்... மனோகரன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவள் கண் திறந்தாள். அவரைப் பார்த்தாள். மோதிர விரலால் கட்டிலின் இரும்புக் கம்பியைத் தட்டினாள்.

டிங்... டிங்.

ரெண்டு.

அன்றைக்கு ஒரு ஃபிளாட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்று முந்தின நாளே போன் வந்திருந்தது. அது அவளுக்கும் தெரியும். கிளம்பச் சொல்கிறாள் என்று நினைத்தார். தலையை ஆட்டிவிட்டு, போர்வையை இழுத்துவிட்டு, கிளம்பிப் போனார்.

ஆறரைக்குத் திரும்பி வந்தபோது முகம் வரை மூடியிருந்தது.

நர்ஸ் பெண் மெதுவாகச் சொன்னாள். "நீங்க போனதுக்கு அப்புறமும் கம்பியத் தட்டிக்கினே இருந்தாங்க சார்... ரெண்டு ரெண்டா."

அவ்வளவுதான். அந்த ரெண்டு தட்டு 'போ'வா, 'வா'வா... அது மட்டும் மனோகரனுக்குத் தெரியவில்லை. கேட்பதற்கும் ஆள் இல்லை.

முப்பதாம் நாள் காரியம் முடிந்து மறுபடி வண்டி எடுத்தார். தனியாக. ஒரு குறுகிய சந்து, கடைசியில் ஃபிளாட், நல்ல இருட்டு. ரிவர்ஸ் போட்டார். இறங்கிப் பின்னால் பார்த்துவிட்டு வரலாமா என்று யோசித்துக்கொண்டே கிளட்ச்சை விட்டார்.

டொக். டொக்.

டேங்கில் தண்ணீர் இருந்தால் அப்படித்தான் கேட்கும், அமுங்கின மாதிரி. காலி டேங்காக இருந்தால் டங்கென்று கேட்கும். பன்னிரண்டு வருடமாகப் பழகின சத்தம்.

அவர் காலை எடுக்கவில்லை. வண்டி பின்னால் போனது. டொக் டொக்... டொக் டொக்... அப்புறம்...

டொக்.

நிறுத்தினார். இறங்கிப் போய்ப் பார்த்தார். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண்.

அதற்குப் பிறகு அவர் கிளீனர் தேடவில்லை. பயப்படவும் இல்லை. காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால் இடது பக்கக் கதவைத் திறப்பார். கொஞ்ச நேரம் நிற்பார். சாத்துவார். பிறகுதான் தன் பக்கம் வந்து ஏறுவார். இடது சீட்டில் எதுவும் வைக்க மாட்டார். துண்டு, சாப்பாட்டுத் தூக்கு, ரசீது புத்தகம் எல்லாம் தன் காலடியிலேயே இருக்கும். ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் வாய் திறப்பார்.

"வர்றேன்... வர்றேன்... இரு."

ஒரு நாளைக்கு அவர் பேசுவது அவ்வளவுதான்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. பிறகு லாரிக்கு எஃப்.சி. வந்தது. வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டிச் சான்று வாங்க வேண்டும். வண்டி இருந்த நிலைக்கு அது நடக்காது. டேங்கு துருவேறி ஒழுகியது. பிரேக் பிடித்தால் இடது பக்கம் இழுத்தது. புகை கறுப்பாக வந்தது.

ராதிகாவின் அப்பா பாபு, மனோகரனின் தம்பி, ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்துகொண்டார்.

"இன்னாண்ணே, இன்னும் இத்த கட்டிகினு அழுவுற? வண்டியா இது? தகர டப்பா. காயலான் கடையில போட்டா இரும்பு வெலயாவது தேறும். புதுசு எடு. லோனுக்கு நான் பேசறேன்."

"ரிப்பேர் பண்ணா ஓடும்டா."

"ஓடும். எத்தினி நாளு? இன்னிக்கு பிரேக்கு, நாளிக்கு கியர் பாக்ஸு. புது வண்டியில பின்னால கேமரா கீது. பவர் ஸ்டியரிங் கீது. நீ பாட்டுக்கு ஒண்டியா ஓட்டலாம்."

மனோகரன் உதட்டோரம் சிரித்தார்.

"இன்னா சிரிக்கிற?"

"ஒண்ணும் இல்ல."

அடுத்த நாள் பாபு விடாமல் அவரைப் புது வண்டி பார்க்க இழுத்துக்கொண்டு போனார். வெள்ளை லாரி. சீட்டில் பிளாஸ்டிக் உறை, புது ரப்பர் வாசனை. விற்பனைக்கு நின்ற பையன் சுறுசுறுப்பானவன். ஓட்டிப் பாருங்கள் என்று சாவியைக் கொடுத்தான். மனோகரன் ரிவர்ஸ் போட்டார். டேஷ்போர்டில் சின்னத் திரை எரிந்தது. பின்பக்கத்துச் சுவரும் தரையும் அதில் தெரிந்தன. மஞ்சள் கோடு, சிவப்புக் கோடு. பீப்... பீப்... பீப்பீப்பீப்...

வண்டி பஞ்சு மாதிரி போய் நின்றது.

"பாத்தீங்களா சார்? தட்டவே வேணாம். பின்னால ஆளே தேவையில்ல."

மனோகரன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் எல்லாம் தெரிந்தது. யாரும் இல்லாதது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. இறங்கி, சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

"ரிப்பேரே பண்ணிடலாம்" என்றார் பாபுவிடம். "இந்த வண்டி போதும் எனக்கு."

அவருக்கு அது நல்ல முடிவாகத்தான் பட்டது. புது வண்டி வாங்கினால் அவள் போய்விடுவாள், பழசை வைத்துக்கொண்டால் இருப்பாள். அவ்வளவுதானே.

கரையான்சாவடியில் ஜெபாவின் மெக்கானிக் ஷெட். ஜெபா வாயாடி. ஆனால் கைதேர்ந்த வேலைக்காரன். ஒரு சத்தத்தைக் கேட்டால் அது எங்கேயிருந்து வருகிறது என்று தேடிப் பிடிக்காமல் விட மாட்டான். லாரிக்கு அடியில் புகுந்து அரை மணி நேரம் கழித்துக் குரல் கொடுத்தான்.

"அண்ணாத்தே... ரிவர்ஸ் போட்டா இதுல டொக்கு டொக்குனு ஒரு சத்தம் வர்மே?"

மனோகரன் குனிந்தார்.

"உனக்கெப்படி தெரியும்?"

"இத்தப் பாரு. டேங்க புடிச்சிகினு கீற பட்டா. இதுல போல்ட் தேஞ்சி லூசா கீது. கிளட்ச்ச உட்டா ரெண்டு ஆட்டம் ஆடும், டொக்கு டொக்குனு. பிரேக் புடிச்சா ஒரு ஆட்டம், டொக்கு. அவ்ளோதான்."

"தண்ணி இல்லன்னா வேற சத்தம் வருது."

"வரத்தான் செய்யும். காலி டேங்கு மணி மாதிரி. ஃபுல்லா இருந்தா அமுங்கும்."

மனோகரன் அந்தப் பட்டாவை விரலால் தொட்டுப் பார்த்தார். ஷெட்டில் வெல்டிங் கருகல் வாடை. பிறகு கேட்டார்.

"செவுத்துக்கு ஒரு சாண் கீறப்ப கரெக்டா ஒரு தட்டு வருதே ஜெபா. செவுரு கீறது போல்ட்டுக்கு எப்டித் தெரியும்?"

ஜெபா சிரித்தான். கெட்ட எண்ணத்தில் அல்ல.

"யோவ் அண்ணாத்தே, இருவது வருசமா வண்டி ஓட்ற ஆளு. செவுரு எங்க கீதுன்னு உன் காலுக்குத் தெரியும். நீ பிரேக் புடிக்கிற, அப்பால சத்தம் வருது. சத்தம் கேட்டு பிரேக் புடிச்சதா நீயா நெனச்சிக்கிற. எது முன்னால எது பின்னாலன்னு உனுக்குத்தான் மாறிப்போச்சு."

"எவ்ளோ நாளா லூசா கீது அது?"

ஜெபா போல்ட்டைக் கட்டை விரலால் தடவினான். "தேஞ்சி கீறதப் பாத்தா... ரெண்டு வருசம் சொல்லலாம்."

ரெண்டு வருடம்.

"அத்த மட்டும் உட்ரு" என்றார் மனோகரன். "மீதி எல்லாம் பண்ணு."

"நல்லா கீதே! ரோட்டுல டேங்கு கயண்டு உயுந்தா யாரு பதில் சொல்றது? எஃப்.சி.ல மொதல்ல அத்ததான் ஆட்டிப் பாப்பான்."

வேறு வழியில்லை. ஜெபா அந்த போல்ட்டைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டு முறுக்கினான். ஒழுகின இடத்துத் தகட்டை வெட்டி எடுத்தான். அது இடது பக்கம், பின் சக்கரத்துக்கு மேலே இருந்த தகடு. குழி குழியாக இருந்ததே, அது. அங்கே புதுத் தகடு வைத்துப் பற்றவைத்துப் பச்சைப் பெயிண்ட் அடித்தான். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. பழைய தகடு ஷெட்டுக்கு வெளியே இரும்புக் குவியலில் கிடந்தது. மனோகரன் திரும்பி வந்து தேடியபோது காயலான் கடைக்காரன் எடுத்துப் போயிருந்தான். தேய்ந்த போல்ட் மட்டும் கிடைத்தது. ஜெபா ஒரு டீ கப்பில் போட்டுக் கொடுத்தான். டேஷ்போர்டின் மேல் வைத்துக்கொண்டார்.

எஃப்.சி. கிடைத்தது. பாபு போன் செய்து, "பரவால்லண்ணே, புதுசு மாதிரி கீது" என்றார்.

முதல் டிரிப். அதே சந்து, அதே ஃபிளாட். ரிவர்ஸ் போட்டார். காத்திருந்தார். கிளட்ச்சை விட்டார்.

ஒன்றும் இல்லை.

என்ஜின் சத்தம் மட்டும். எங்கேயோ ஒரு ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டியது. "வர்றேன்..." என்றார். வண்டி பின்னால் போனது. "வர்றேன்... குமாரி..."

சடாரென்று கண்ணாடி நொறுங்கியது. காம்பவுண்டு சுவரில் மோதிப் பின்விளக்கு உடைந்திருந்தது. பதினான்கு வருடத்தில் முதல் தடவை.

அவர் இறங்கிப் பார்க்கவில்லை. சிவப்புக் கண்ணாடித் துண்டுகளை வாட்ச்மேன் பெருக்கும் சத்தம் கேட்கும் வரை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்படி ஒன்பது நாள். ஒவ்வொரு ரிவர்சுக்கும் இறங்கி, பின்னால் போய்ப் பார்த்து, ஏறி, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி இறங்கி... காலையில் இடது பக்கக் கதவைத் திறந்து நிற்பதை மட்டும் விடவில்லை. முன்பைவிட அதிக நேரம் நின்றார்.

பத்தாம் நாள். மூன்றே முக்கால் மணி. யார்டு.

இனி வருவது யார்டு வாட்ச்மேன் ஜம்புலிங்கம் பிறகு சொன்னது. போலீசிடமும் இதையேதான் சொன்னார். ஒரு வார்த்தை மாற்றவில்லை.

மனோகரன்தான் முதல் வண்டி. குழாய்க்கு அடியில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். இன்னும் தண்ணீர் திறக்கவில்லை. டேங்கு காலி. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, வண்டி நியூட்ரலில் நின்றது. காற்று இல்லை. ஏரிப் பக்கமிருந்து சேற்று வாடை மட்டும் வந்தது. ஜம்புலிங்கம் வால்வைத் திறக்க எழுந்தார்.

டங். டங்.

யாரோ இரும்பால் டேங்கைத் தட்டினார்கள். ஜம்புலிங்கம் டார்ச் அடித்துப் பார்த்தார். இடது பக்கம், பின் சக்கரம் வரை. யாரும் இல்லை.

கேபினில் மனோகரன் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

யோசித்துப் பாருங்கள். வண்டி முன்னாலும் போகவில்லை. பின்னாலும் வரவில்லை. நியூட்ரல். அந்தக் கட்டில் மாதிரி. நிற்கிற இடத்தில் ரெண்டு தட்டு தட்டினால், அது 'போ'வாகவும் இருக்கலாம். 'வா'வாகவும் இருக்கலாம். எந்த கியர் போடுவது என்பது ஓட்டுகிறவன் கையில்தான். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவர் முன்னால் போய்விட்டார்.

டங். டங்.

ஜம்புலிங்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். மனோகரன் கிளட்ச்சை மிதித்தார். கியர் விழுந்தது. வண்டி மெதுவாக, ஒரு ஆட்டமும் இல்லாமல், பின்பக்கமாக நகர்ந்தது. யார்டு கேட்டைத் தாண்டியது. சாலையில் திரும்பியது. முன்பக்கமாகத் திரும்பவில்லை. பின்பக்கமாகவே போனது.

ஜம்புலிங்கம் ஓடிப்போய்க் கத்தினார். "யோவ் மனோ! தண்ணி புடிக்கலியா? இன்னாய்யா, பின்னாலயே போற?"

மனோகரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். சிரித்த முகம். ரெண்டு வருடத்தில் அந்த முகத்தை அப்படிப் பார்த்ததில்லை என்றார் ஜம்புலிங்கம்.

"ஊட்டுக்காரி கூப்டுது" என்றார்.

முன் விளக்கு இரண்டும் ஜம்புலிங்கத்தைப் பார்த்தபடியே சின்னதாகிக்கொண்டே போயின. ஏரிக்கரைச் சாலையில் ரொம்ப தூரம் வரை தெரிந்தன. சத்தமும் கேட்டது. டங் டங்... டங் டங்... டங் டங்...

விடிந்ததும் பாபுவும் ஜெபாவும் தேடிக்கொண்டு போனார்கள். கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர். நடுவில் இரண்டு வளைவு, ஒரு குறுகின சின்னப் பாலம். பகலில் முன்பக்கமாக ஓட்டினாலே உரசும். எங்கேயும் ஒரு கீறல்கூட இல்லை. கரையிலிருந்து தண்ணீருக்கு இறங்கும் மண் பாதையில் லாரி நின்றிருந்தது. ரிவர்ஸ் கியரில். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. என்ஜின் அணைத்திருந்தது. பின் சக்கரத்துக்கும் ஏரித் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாண்.

டிரைவர் பக்கக் கதவு உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. இடது பக்கக் கதவு திறந்திருந்தது. டேஷ்போர்டின் மேல் டீ கப்பும் போல்ட்டும் அப்படியே இருந்தன.

மனோகரன் இல்லை.

மூன்று நாள் ஏரியில் ஆள் விட்டுத் தேடினார்கள். கரையில் காலடி இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஈர மண். நாய் நடந்தாலே தடம் விழும். ஒன்றும் இல்லை.

லாரி இப்போது ஜெபாவின் ஷெட்டில் நிற்கிறது. வைத்துக்கொண்டு ஓட்டுவதா, காயலான் கடையில் போடுவதா என்று பாபு இன்னும் முடிவு எடுக்கவில்லை. ஜெபா அதற்கு அடியில் புகுந்து எல்லா போல்ட்டையும் ஆட்டிப் பார்த்துவிட்டான். எதுவும் லூசாக இல்லை. இப்போதெல்லாம் அவன் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ராதிகா ஒரு தடவை போய்ப் பார்த்தாள். இடது பக்கம், பின் சக்கரத்துக்கு மேலே, ஜெபா புதுசாக வைத்த தகடு. பச்சைப் பெயிண்டில் குழிகள். சாவி முனை அளவுக்கு. விரல் வைத்து எண்ணிக்கொண்டே போனாளாம். ரெண்டு, சின்ன இடைவெளி... ரெண்டு, இடைவெளி... ரெண்டு... தகட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வரிசையாக, எல்லாமே ரெண்டு ரெண்டாக.

கடைசியில் மட்டும் ஒன்று.